வெள்ளிமலைக்கு ஒரு குறுகிய பயணம்: திட்டமிடும் முறை

வெள்ளிமலை என்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல் அமைந்துள்ள ஊர் ஆகும். கல்வராயன்மலை வட்டத்திற்கும் ஊராட்சி ஒன்றியத்திற்கும் இதுவே தலைமையிடம். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 26 நவம்பர் 2019 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது, கல்வராயன்மலை அதன் வட்டங்களுள் ஒன்றாயிற்று. ஊர் சிறியது. ஆனால் மலையிலுள்ள சிற்றூர் மக்கள் சான்றிதழ், பட்டா, பள்ளி, கடை என்று எதற்கும் வந்துபோகும் இடம் என்பதால் பகலில் எப்போதும் நடமாட்டம் இருக்கும்.

சனி, ஞாயிறு என இரண்டு நாள் ஓய்வு கிடைப்பவர்கள், கல்லூரி மாணவர் குழுக்கள், மலைப் புவியியலை நேரில் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் ஆகியோர் இங்கு வருகின்றனர். ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போவதுபோல் எண்ணிக்கொண்டு வருபவர்கள்தாம் பெரும்பாலும் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள். அங்கு இருப்பவை பல இங்கு இல்லை. இங்கு இருப்பவற்றைக் காண நேரத்தையும் வழியையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எந்த வெள்ளிமலை?

முதலில் ஊரின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் வெள்ளிமலை என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உள்ளன. கன்னியாகுமரி மாவட்டத்தில் முருகன் கோயிலால் அறியப்படும் வெள்ளிமலை ஒன்று. தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பகுதியில், வைகை ஆறு தோன்றும் மலைகளை ஒட்டி இன்னொன்று. கோவையின் வெள்ளியங்கிரியையும் சிலர் வெள்ளிமலை என்றே சொல்வதுண்டு. கைப்பேசி வரைபடத்தில் வெறுமனே ‘வெள்ளிமலை’ என்று தேடினால் எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. ‘வெள்ளிமலை, கள்ளக்குறிச்சி’ என்றோ ‘கல்வராயன்மலை’ என்றோ தேடுவது நல்லது. பேச்சு வழக்கில் ‘கல்ராயன் மலை’ என்பதே மிகுதி. பேருந்து நிலையத்தில் விசாரிக்கும்போது அப்படியே கேட்கலாம்.

மலையின் அமைப்பு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. சேர்வராயன், சவ்வாது, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்படுவது. இதன் பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கி.மீ. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி வரை உயரமுடையது. வடக்கே உள்ள பகுதி சின்ன கல்வராயன் என்றும், தெற்கே சற்று உயரமாக உள்ள பகுதி பெரிய கல்வராயன் என்றும் அழைக்கப்படுகின்றன. மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மறுபக்கம் சேலம் மாவட்டத்திலும் கிடக்கிறது. சேலம் பகுதியில் சின்ன கல்வராயன் வடக்குநாடு, தெற்குநாடு, பெரிய கல்வராயன் மேல்நாடு, கீழ்நாடு என்று வருவாய் ஊர்ப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மலைவாழ் மக்கள் தம் ஊர்களை ‘நாடு’களாகத் தொகுத்து வாழ்ந்த பழைய ஏற்பாட்டின் தடம் இது.

இந்த அமைப்பைத் தெரிந்துகொள்வது பயணத்திற்கும் உதவும். கல்வராயன் மலை ஒரு கூர்ச்சிகரம் இல்லை. மேலே ஏறிவிட்டால் மேடும் பள்ளமுமாக விரிந்த பீடபூமி. ஊர்கள், வயல்கள், மரவள்ளிக் காடுகள், ஓடைகள் எல்லாம் மேலேயே பரந்து கிடக்கின்றன. எனவே ‘மலை உச்சிக்குப் போய்விட்டு இறங்குதல்’ என்ற கணக்கு இங்குச் செல்லாது. மலைமேல் ஏறிய பிறகும் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்திற்கு வளைந்து நெளிந்து போக வேண்டியிருக்கும். வரைபடத்தில் 15 கி.மீ. என்று காட்டும் தொலைவைச் சமவெளிக் கணக்கில் இருபது நிமிடம் என்று எண்ணினால் அன்றைய திட்டம் முழுவதும் பிசகிவிடும்.

அடிவாரத்தில் புதர்க்காடும், இடையில் இலையுதிர்காடும், உயர்ந்த பகுதிகளில் ஆங்காங்கே சோலைக்காடும் காணப்படும். ஒரே சாலையில் ஏறும்போதே இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். புவியியல் படிக்கும் மாணவர்கள் சன்னலோரம் உட்காருவது நல்லது. கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகள் இம்மலையிலிருந்துதான் இறங்குகின்றன. காவிரி வடிநிலத்தையும் பாலாற்று வடிநிலத்தையும் பிரித்து நிற்கும் மலைகளுள் இதுவும் ஒன்று.

செல்லும் வழிகள்

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாகச் சுமார் 90 கி.மீ. தொடர்வண்டியில் வருவோர் சேலம் – விருத்தாசலம் பாதையிலுள்ள சின்னசேலம் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

அங்கிருந்து மலைக்கு ஏற மூன்று வழிகள் உண்டு.

கள்ளக்குறிச்சி – கச்சிராயப்பாளையம் – வெள்ளிமலை என்பதே பலரும் செல்லும் வழி. கோமுகி அணை, பெரியார் நீர்வீழ்ச்சி இரண்டும் இந்தப் பக்கமே வருவதால் முதன்முறை வருபவர்களுக்கு இதுவே ஏற்றது. கச்சிராயப்பாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உள்ளது. கரும்பு வெட்டும் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் சாலையை நிறைத்திருக்கும் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கராபுரத்திலிருந்து மூலக்காடு, சேராப்பட்டு வழியாகவும் மேலே வரலாம். திருவண்ணாமலைப் பக்கமிருந்து வருவோருக்கு இது வசதி. மூன்றாவது, சேலம் பக்கத்து வழி. வாழப்பாடி, பேளூர், தும்பல் வழியாகக் கருமந்துறைக்கு ஏறி, அங்கிருந்து மலைமேலேயே வெள்ளிமலைக்கு வரலாம். ஒரு வழியில் ஏறி இன்னொரு வழியில் இறங்குவது சிறந்த திட்டம். அப்போதுதான் மலையின் இரு முகங்களும் தெரியும்.

அரசுப் பேருந்துகள் வெள்ளிமலைக்கு உண்டு. ஆயினும் ஒரு பேருந்தை விட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் காத்திருக்க நேரும். ஆகவே போகும் நேரத்தை விடத் திரும்பும் நேரத்தையே முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை நடத்துனரிடமே கேட்டுவிடுவது உறுதி. அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. பேருந்தில் வந்தால் வெள்ளிமலையையும் கரியாலூரையும் மட்டும் பார்க்கலாம். நீர்வீழ்ச்சிகளுக்கும் போக வேண்டுமானால் சொந்த வாகனமோ வாடகை வண்டியோ தேவைப்படும்.

வாகனத்தில் வருவோர் எரிபொருளை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். பணமும் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் பணம் செலுத்தலாம் என்ற நம்பிக்கை, அலைவரிசை கிடைக்காத வளைவுக்கு அப்பால் உதவாது. வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய அதே கியரில் இறங்குவது பழைய ஓட்டுநர்களின் பழக்கம். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இருட்டிய பிறகு மலையேறும்படி திட்டம் போடவே கூடாது.

எப்போது போகலாம்?

நீர்வீழ்ச்சிகளில் நீர் நிறைந்திருப்பது வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதற்குப் பின் வரும் சில வாரங்களிலும்தான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் நீர் மிகுதி, ஆபத்தும் மிகுதி. டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை நீரும் ஓரளவு இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். இரவில் நல்ல குளிர் இருப்பதால் கம்பளி ஆடை வேண்டும். முதல் பயணத்திற்கு இதுவே தகுந்த காலம்.

மார்ச், ஏப்ரலில் ஓடைகள் வற்றிவிடும். காடு காய்ந்து கிடக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 11 மார்ச் 2018 அன்று மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. அதன் பிறகு தமிழ்நாட்டில் காட்டு வழி மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. வனத்துறை இசைவு இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நடப்பது குற்றம். கல்வராயன் மலைக்கும் இது பொருந்தும்.

மே மாதத்தில் வெயில் இருந்தாலும் பலாப்பழக் காலம் தொடங்கிவிடும். அரசு சார்பில் கோடை விழா நடத்தப்படும் ஆண்டுகளில் கூட்டமும் இருக்கும்.

பார்க்க வேண்டியவை

கோமுகி அணை கச்சிராயப்பாளையம் அருகே மலையடிவாரத்தில் உள்ளது. இதன் நீர்மட்ட உயரம் 46 அடி. பெரிய அணை இல்லை. ஆனால் மலையிலிருந்து வரும் நீர் எங்கே தேங்கி எந்த வயலுக்குப் போகிறது என்பதை ஒரே பார்வையில் புரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் இப்பகுதியில் இல்லை. காலையில் ஏறும் முன் அரை மணி நேரம் நிற்கலாம்.

பெரியார் நீர்வீழ்ச்சி, கச்சிராயப்பாளையம் – வெள்ளிமலைச் சாலையை ஒட்டியது. எளிதில் செல்லக்கூடியது என்பதால் விடுமுறை நாள்களில் நெரிசல் மிகும். மேகம் நீர்வீழ்ச்சி அப்படியில்லை. காட்டு வழியில் நடந்தே போக வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் செல்வது தகாது. வயதானவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பங்கள் இதைத் தவிர்த்துவிடலாம். இரண்டு நாளில் இரண்டு அருவிகளுக்கு மேல் திட்டமிடுவது வீண். பலர் ஐந்தாறு அருவிகளின் பெயரை எழுதிக்கொண்டு வந்து, எதையும் நின்று பார்க்காமல் வண்டியிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள்.

கரியாலூரில் படகு இல்லமும் சிறுவர் பூங்காவும் உள்ளன. பிள்ளைகளுடன் வருவோருக்கு மாலைப் பொழுது இங்குக் கழியும். சேலம் பக்கமாக இறங்குவோர் கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட அரசுத் தோட்டக்கலைப் பண்ணையைக் காணலாம். ஆத்தூர் அருகே முட்டல் ஏரியும் ஆணைவாரி நீர்வீழ்ச்சியும் உள்ளன. இவை வனத்துறையின் சூழல் சுற்றுலா இடங்கள்.

நீர் உயரும் முறை

ஆணைவாரி நீர்வீழ்ச்சியில் 2021 அக்டோபரில் நடந்ததை இம்மலைக்கு வரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். திடீரென வெள்ளம் பெருகியதில் ஒரு தாயும் கைக்குழந்தையும் பாறையோரம் சிக்கிக்கொண்டனர். அங்கிருந்தவர்கள் கயிறு கட்டி அவர்களை மேலே ஏற்றினர். உதவிய இருவர் நீரில் விழுந்து நீந்திக் கரையேறினர். அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவியது. எல்லோரும் உயிர் தப்பினர். அவ்வாறு முடியாத நிகழ்வுகளும் மலையருவிகளில் ஆண்டுதோறும் நடக்கின்றன.

இது ஏன் நிகழ்கிறது? அருவிக்கு மேலே பல சதுர கி.மீ. பரப்புள்ள பீடபூமி இருக்கிறது. அங்கே மழை பெய்தால், மண் ஆழமின்றிப் பாறை மிகுந்த சரிவுகளில் நீர் ஊறி இறங்க வழியில்லை. எல்லாம் ஓடைகளில் சேர்ந்து, ஒடுங்கிய ஒரே பள்ளத்தின் வழியாக வெளியேறுகிறது. அருவிக்குக் கீழே நிற்பவருக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மழை பெய்ததே தெரியாது. சில நிமிடங்களில் நீர் இடுப்பளவு ஏறிவிடும்.

அதற்கு முன் சில அறிகுறிகள் தோன்றும். தெளிந்திருந்த நீர் கலங்கிச் செந்நிறம் கொள்ளும். சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும். அருவியின் ஓசை மாறிக் கனக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துணிமணி, செருப்பு, கைப்பேசி எதையும் தேடாமல் உயரமான கரைக்கு ஏறிவிட வேண்டும். ஓடையின் நடுப் பாறையில் ஏறி நிற்பது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான். எந்தக் கரையில் வண்டி நிற்கிறதோ அந்தக் கரையிலேயே குளிப்பது, ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போகாதிருப்பது ஆகிய இரண்டையும் பின்பற்றினாலே பெரும்பாலான ஆபத்து நீங்கும். நீருக்கடியில் பாறை இடுக்குகள் இருப்பதால் மேலிருந்து குதித்தல் கூடாது. மாணவர் குழுவுடன் வரும் ஆசிரியர் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று மேற்புற நீரோட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வனத்துறையோ காவல்துறையோ அருவியை மூடியிருந்தால் வேறு வழியாக உள்ளே புகுவதற்கு உள்ளூர்ச் சிறுவர்களிடம் காசு கொடுத்து வழி கேட்பதும் நடக்கிறது. அது அச்சிறுவர்களையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுவதாகும்.

மலைவாழ் மக்கள்

இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தைச் சேர்ந்தவர்கள் என்று மாணவர்கள் எண்ணிவிடுவதுண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமாரின் வழியினர் தாங்கள் என்பது இவர்களுடைய மரபுக் கதை. கரியராமன் இவர்களின் முக்கியத் தெய்வம். சாமை, கேழ்வரகு, நெல், மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். கடுக்காய், தேன் போன்ற காட்டு விளைபொருள்களைச் சேகரிக்கின்றனர்.

இம்மலை நெடுங்காலம் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அது தொடர்ந்தது. 1976 இல்தான் மலை அரசின் நேரடி நிருவாகத்திற்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதையடுத்துச் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. இம்மக்களுக்கு வாக்குரிமையே 1996 இல்தான் கிடைத்தது என்ற செய்தி அப்போது பலருக்கும் முதன்முறையாகத் தெரியவந்தது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவை குறித்த கேள்விகள் அவ்வழக்கில் எழுந்தன.

இதைப் பயணக் கட்டுரையில் சொல்லக் காரணம் உண்டு. மலைக்கு வருபவர்களில் சிலர், சந்திக்கும் முதல் ஆளிடமே ‘இங்கே சாராயம் கிடைக்குமா’ என்று கேட்கிறார்கள். கேட்கப்படுபவர் ஒரு விவசாயியாகவோ பள்ளிப் பிள்ளையாகவோ இருப்பார். சாராயக் காய்ச்சலின் பெயரால் ஒரு மலை முழுவதும் பழி சுமப்பதைக் காட்டிலும் இந்தக் கேள்வி அவர்களை அதிகம் புண்படுத்தும். கேட்காமல் படம் எடுப்பது, வீட்டு முற்றத்தில் நுழைவது, கோயில் எல்லைக்குள் செருப்புடன் போவது ஆகியவையும் அப்படியே. ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைத்து வழி கேட்டால், கேட்டவரை அந்த இடம் வரைக்கும் கொண்டுபோய் விடும் மனிதர்களும் இங்கு இருக்கிறார்கள்.

‘ஏழைகளின் ஊட்டி’ என்று பத்திரிகைகள் இம்மலைக்கு ஒரு பட்டம் சூட்டியுள்ளன. ஏற்காட்டுக்கும் அதே பட்டம் உண்டு. பொருத்தமற்ற பட்டம் இது. ஊட்டியின் நிழலாக எண்ணிக்கொண்டு வந்தால் கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியாது.

தங்கலும் உணவும்

தங்கும் இடங்கள் குறைவு. வார இறுதியில் வந்து இறங்கிய பிறகு தேடுவது துன்பம். முன்பதிவு உறுதியாகக் கிடைத்தால் மலையில் தங்கலாம். கிடைக்காவிட்டால் கள்ளக்குறிச்சியிலோ ஆத்தூரிலோ தங்கி விடியற்காலையில் ஏறுவது நல்லது. அப்போது பயணப்பையைச் சுமந்துகொண்டு அலையவும் வேண்டாம்.

உணவுக்கடைகள் எளியவை. பகல் உணவு வேண்டுமானால் காலையிலேயே சொல்லி வைப்பது வழக்கம். எத்தனை பேர் என்று சொன்னால் அதற்கேற்பச் சமைப்பார்கள். சாமை அரிசி, மிளகு, தேன், காலத்தில் பலாப்பழம் ஆகியவற்றை வாங்கலாம். விளைவித்தவரிடமோ பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கினால் பணம் மலையிலேயே தங்கும். சந்தையில் கேட்கும் விலைக்கு மேல் பேரம் பேசிக் குறைப்பது, நகரத்துக் கடையில் அதே பொருளுக்கு இருமடங்கு கொடுப்பவர்க்கு அழகில்லை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 1 ஜனவரி 2019 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. கொண்டுவரும் பொட்டலங்களின் குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல ஒரு பை வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவ உதவிக்குக் கரியாலூரில் ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது. பெரிய சிகிச்சைக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை இரண்டு நாளுக்குப் பதில் நான்கு நாளுக்கு எடுத்துவருவது முதியவர்களுக்குப் பாதுகாப்பு. வளைவுகளில் வாந்தி வரும் பழக்கமுள்ளவர்கள் வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, வயிறு முட்ட உண்டும் ஏறக்கூடாது.

இரண்டு நாள் திட்டம்: ஓர் எடுத்துக்காட்டு

முதல் நாள் காலை ஏழு மணிக்குள் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்ப வேண்டும். கச்சிராயப்பாளையத்தில் சிற்றுண்டி, பிறகு கோமுகி அணை. வெயில் ஏறுமுன் பெரியார் நீர்வீழ்ச்சி. நண்பகலில் வெள்ளிமலை, அங்கேயே உணவு. மாலையில் கரியாலூர். ஐந்து மணிக்குப் பின் புதிய இடம் எதற்கும் போக வேண்டாம்.

மறுநாள் விடியலில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள வயல்வெளிச் சாலைகளில் ஒரு மணி நேரம் நடக்கலாம். பனி விலகும் நேரத்தில் பார்க்கும் காட்சிக்கு அருவிகள் ஈடாகா. ஒன்பது மணியளவில் கிளம்பி மலைமேலேயே கருமந்துறை வந்து, தும்பல் வழியாக இறங்கினால் பிற்பகலில் வாழப்பாடி. ஆத்தூர் பக்கம் போவோர் நேரமிருந்தால் முட்டல் ஏரியைச் சேர்த்துக்கொள்ளலாம். மழை அறிவிப்பு இருந்தால் இரண்டாம் நாளின் அருவிகளை விட்டுவிட்டு நேரே இறங்கிவிட வேண்டும். ஒரே நாள் மட்டும் உள்ளவர்கள் முதல் நாள் திட்டத்தில் கரியாலூரை விட்டு, மாலை மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினால் இருட்டுமுன் அடிவாரம் சேரலாம்.